சமையல் கழிவிலிருந்து மின்சாரம்: பெங்களூர் அப்பார்ட்மென்ட்களுக்கு முழுமையான வழிகாட்டி

500 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு 600 கிராம் என்று வைத்தால், நாளொன்றுக்கு 300 கிலோ ஈரக் கழிவு சேரும். அதைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகளைக் கொண்டு சரியாகச் செரிக்க வைத்தால் 25 முதல் 30 கனமீட்டர் எரிவாயு வரும். அந்த வாயுவை எஞ்சினில் ஓட்டினால் ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரம். "500 வீட்டுக்கு வெறும் 40 யூனிட்டா?" என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 10 வாட் எல்இடி விளக்குகள் 400-ஐ இரவு பத்து மணி நேரம் எரிக்க அது போதும். பார்க்கிங், படிக்கட்டு, நடைபாதை என்று பொது விளக்குகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய பலன், அந்த 300 கிலோ கேட்டைத் தாண்டி வெளியே போகாமல் இருப்பது. நகரக் குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுரா, மண்டூர் ஊர்களின் மக்கள் நம் குப்பையோடு பல வருடம் மல்லுக்கட்டினார்கள். மண்டூருக்குக் குப்பை போவது 2014 இறுதியில்தான் நின்றது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. அப்படிப் பார்த்தால் இது நம் பொறுப்புதான்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 300 கிலோவுக்கானவை. உங்கள் குடியிருப்பில் எவ்வளவு சேர்கிறது என்பதை ஊகிக்காதீர்கள். ஏழு நாள் தொடர்ந்து தராசில் நிறுத்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடைக்கும் செவ்வாய்க்கிழமை எடைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

முதலில் ஒரு முடிவு: மின்சாரமா, அடுப்பா?

ஒரு கனமீட்டர் எரிவாயு, சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். 28 கனமீட்டர் என்றால் 12 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு வீட்டு சிலிண்டர். நல்ல அடுப்பில் வாயுவின் ஆற்றலில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். சிறிய எஞ்சினில் நான்கில் ஒரு பங்குதான் மின்சாரமாகும், மீதி வெப்பமாகிவிடும். அதனால் ஹாஸ்டல் மெஸ், ஆபீஸ் கேன்டீன், கல்யாண மண்டபம், ஓட்டல் போல ஒரே இடத்தில் பெரிய சமையலறை இருந்தால் வாயுவை நேராக அடுப்புக்கே கொடுங்கள். மின்சாரம் எடுக்கவே வேண்டாம். வாயுவைக் குழாய் போட்டு 500 வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்க வழியில்லாத அப்பார்ட்மென்ட்டுக்குத்தான் எஞ்சின் பொருந்தும்.

பெங்களூரில் இந்த யோசனை புதிதல்ல. இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, தும்கூர் மாவட்டத்தின் புரா கிராமத்தில் ஊர்ப் பொதுச் சாண எரிவாயு நிலையம் அமைத்தது. கிடைத்த வாயு எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை. அதே வாயுவில் எஞ்சினை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் வீட்டுக்கு விளக்கும் கொடுத்தார்கள். இருக்கும் வாயு எந்த வேலைக்கு முழுதாகப் போதும் என்று பார்த்து எடுத்த முடிவு அது.

தொட்டியும் மற்ற பாகங்களும்

300 கிலோ கழிவை 300 லிட்டர் தண்ணீரோடு அரைத்தால் நாளுக்கு 600 லிட்டர் கூழ். அது தொட்டிக்குள் 40 நாள் இருக்க வேண்டும். ஆகவே 24 கனமீட்டர் கொள்ளளவுள்ள டைஜெஸ்டர், அதாவது செரிப்புத் தொட்டி தேவை. விற்க வருபவர் 12 கனமீட்டரே போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று மாதம் ஓடும், பிறகு புளித்துவிடும்.

எஞ்சின் மாலையிலிருந்து பத்து மணி நேரம் ஓடினால், மீதி 14 மணி நேரத்தில் ஊறும் வாயுவைச் சேமிக்க இடம் வேண்டும். 28 கனமீட்டரில் 24-க்கு 14 பங்கு, அதாவது 16 கனமீட்டர். 20 கனமீட்டர் பலூன் வாங்கினால் நிம்மதி. வெயில் நேரடியாகப் படாமல் மேலே ஷீட் போட்டு, சுற்றிலும் காற்றோட்டத்தைத் திறந்தே விடுங்கள். பேஸ்மென்ட்டில் இதை வைக்கவே கூடாது. இந்த வாயுவில் எரியும் பகுதியான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால், சுவிட்ச் போடும் பொறியே வெடிப்புக்குப் போதும்.

இவை தவிர 3 எச்பி அரைவை இயந்திரம், தொட்டியைக் கலக்கும் 2 எச்பி பம்பு, கந்தக வடிகட்டி, வாயுவை எஞ்சினுக்குத் தள்ளும் சிறிய புளோயர், தீ குழாய் வழியே திரும்பி வராமல் நிறுத்தும் தீத்தடுப்பான், 5 கேவிஏ வாயு ஜெனரேட்டர் ஆகியவை வேண்டும். ஜெனரேட்டர் ரிப்பேரானால் வாயுவை எரித்துவிட ஒரு பெரிய பர்னரும் அவசியம். பணம் மிச்சம் என்று பலர் முதலில் வெட்டுவது அந்தப் பர்னரைத்தான். அது ஏன் தவறு என்பது சுற்றுச்சூழல் கணக்கில் தெரியும்.

அரைவையும் கலக்கலும் புளோயரும் சேர்ந்து தினமும் 6 யூனிட் வரை தின்னும். கையில் நிற்பது 34 யூனிட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

பெங்களூரின் 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறை இங்கே பெரிய உதவி. ஹசி கசா (ஈரக் கழிவு) பச்சைத் தொட்டியில் தனியாக வந்துவிடுகிறது. ஆனாலும் அரைவைக்கு முன் ஒரு மேசையில் கொட்டி, ஒருவர் கையுறையோடு கிளறிப் பார்த்தே ஆக வேண்டும். பால் கவர் மூலை, ரப்பர் பேண்ட், டீஸ்பூன் எல்லாம் அங்கேதான் சிக்கும்.

வேண்டாதவை: எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் ஓடு, நார், மாங்கொட்டை. முட்டை ஓடு செரிக்காது, அடியில் மணலாகப் படியும். வெங்காயத் தோல் மிதந்து மேலே ஏடு கட்டும், கொஞ்சமாக வந்தால் பரவாயில்லை. ஜூஸ் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் வந்தால் மறுத்துவிடுங்கள். அந்தத் தோலின் எண்ணெய் மீத்தேன் நுண்ணுயிரிகளை முடக்கும். ஃபினாயில், பிளீச் கலந்த கழுவு தண்ணீர் ஒரு வாளி கூட உள்ளே போகக் கூடாது.

பண்டிகைகளைத் தனியாகத் திட்டமிட வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் சாமந்தியும் உடைத்த பூசணியும் மலைபோல் வரும். வாழைத்தண்டின் நார் அரைவை அச்சில் கயிறாகச் சுற்றி மோட்டாரை எரித்துவிடும். வாழையையும் பொங்கல் கரும்புச் சக்கையையும் உரக்குழிக்கு அனுப்புங்கள். பூசணியை நான்கு நாளாகப் பிரித்துப் போடுங்கள். குங்குமம் தடவிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் போட வேண்டும்.

மிச்சச் சோறு, சாம்பார், மாவு ஆகியவற்றில் வாயு அதிகம், ஆபத்தும் அதிகம். வேகமாக அமிலமாகிவிடும். கிளப் ஹவுஸில் விருந்து நடந்து 100 கிலோ சோறு மிஞ்சினால், அன்றைய மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் சோறு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைத்த துண்டு 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பணியாளருக்கான குறிப்பைக் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுதி, படத்தோடு சுவரில் ஒட்டுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், சுவர் மாறாது.

தொடங்கும் முறை

சாணம் ஊற்றும் முன் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் விட்டு ஒழுகுகிறதா என்று பாருங்கள். வாயுக் குழாயைக் காற்றால் சோதியுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை 'ப' போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டினால் அதுவே அழுத்தமானி. மற்ற வால்வுகளை மூடி 300 மில்லிமீட்டர் நீர் உயரத்துக்குக் காற்றை ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள்.

பிறகு, நுண்ணுயிரிகளைத் தொட்டிக்குள் கொண்டுவரும் விதைக் கூழ். புறநகர்ப் பால் பண்ணையிலிருந்து 6 டன் புதுச் சாணம், அதற்குச் சம அளவு தண்ணீர், ஓடிக்கொண்டிருக்கும் கோபர் கேஸ் தொட்டியிலிருந்து 4 கனமீட்டர் கூழ். வைக்கோலைச் சல்லடையில் வடித்துவிடுங்கள். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். மீதியைத் தண்ணீரால் நிரப்பி, குழாய் வாய்கள் மூழ்கியதும் மூடுங்கள்.

முதலில் ஊறும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். காற்று கலந்திருப்பதால் அருகே தீ காட்டக் கூடாது. முதல் இரண்டு பலூனை ஆளில்லாத திறந்த வெளியில் உயரமான குழாய் வழியே விட்டுவிடுங்கள். அதன்பின், தொட்டியிலிருந்து தள்ளி, தீத்தடுப்பானுக்கு அப்பால் உள்ள பர்னரில் சோதியுங்கள். நீலச் சுடர் அணையாமல் நின்றால் தொட்டி உயிர் பெற்றுவிட்டது. இதற்கு மூன்று வாரம் ஆகலாம். குளிர்காலத்தில் ஐந்து வாரம்.

அன்று முதல் தினம் 30 கிலோ கழிவு, ஒரு வாரம். பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை 30 கிலோ கூட்டலாம், கூழின் அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 6.9-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மட்டும் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). 300 கிலோவை எட்ட ஏறக்குறைய இரண்டு மாதம். திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டுத் தொட்டியை அவசரப்படுத்தியதால்தான் பல நிலையங்கள் முதல் மாதமே செத்தன.

தொட்டி புளித்துப் போவது

உள்ளே இரண்டு நுண்ணுயிரிக் கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று உணவை உடைத்து அமிலமாக்கும், அதன் வளர்ச்சி வேகம். மற்றொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும், அது மெதுவாகத்தான் பெருகும். தீனி அதிகமானால் முதல் கூட்டம் முந்திக்கொள்ளும், அமிலம் சேரும், பிஎச் இறங்கும், இரண்டாவது கூட்டம் முடங்கும். அப்போது வாயு நிற்காது. கரியமில வாயு அதிகமாகி, சுடர் பர்னரை விட்டுத் தூக்கி அணையும், எஞ்சின் திக்கும்.

பிஎச் 6.8 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். ஆனால் பிஎச் இறங்கும்போது ஏற்கெனவே தாமதம். அதற்கு ஒரு வாரம் முன்பே எச்சரிக்கும் சோதனை ஒன்று உண்டு. வாரம் இருமுறை செய்தால் போதும். கூழை வடிகட்டி 20 மில்லி எடுங்கள். பிஎச் மீட்டரை வைத்துக்கொண்டு 0.1 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 5.0 வரை வர எத்தனை மில்லி ஆனதோ அதை 250-ஆல் பெருக்கினால் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன். 5.0-இலிருந்து 4.4 வரை எத்தனை மில்லியோ அதை 1.66-ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500-ஆல் பெருக்கினால் அமிலம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்துப் பாருங்கள்.

முதல் கட்டம் 18 மில்லி, இரண்டாம் கட்டம் 2 மில்லி என்றால் காரத்தன்மை 4500, அமிலம் 1585, விகிதம் 0.35. ஆரோக்கியம். 10 மில்லி, 4 மில்லி என்றால் 2500, 3245, விகிதம் 1.3. உடனே தீனியை நிறுத்த வேண்டும். 0.4-ஐத் தாண்டினாலே அளவைப் பாதியாக்குங்கள். எண்ணைவிட அது போகும் திசை முக்கியம், அதனால் நோட்டில் வரைபடமாகப் போட்டு வாருங்கள்.

புளித்த தொட்டிக்கு மருந்து சமையல் சோடா. 24 கனமீட்டருக்கு நாளுக்கு 10 கிலோ, நான்கு நாள், தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். 40 கிலோ சேர்ந்தால் காரத்தன்மை சுமார் 1000 கூடும். விலை குறைவு என்று சுண்ணாம்பு போடாதீர்கள். அது கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகி அடியில் படியும், குழாயை அடைக்கும். விகிதம் இறங்கிய பிறகு மறுபடி 30 கிலோவிலிருந்து தொடங்க வேண்டும்.

டிசம்பரில் இட்லி மாவு ஒரு நாள் வைத்தாலும் பொங்காத ஊர் இது. தொட்டிக்கும் அதே கதைதான். இந்த நுண்ணுயிரிகளுக்கு 35 முதல் 37 டிகிரி பிடிக்கும். இரவு வெப்பம் 15, 16-க்கு இறங்கும் மாதங்களில் வாயு குறையும்போது, தீனியையும் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. எஞ்சின் நீரால் குளிரூட்டப்படும் வகையாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சிக் கூழில் கலக்கலாம். 600 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 37-க்கு ஏற்ற 10.5 யூனிட் வெப்பம் போதும், எஞ்சின் அதைப்போல் சில மடங்கு வெளியே கொட்டுகிறது. தொட்டிக்குள் வெப்பம் நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாறாமல் மெதுவாக ஏற்றுங்கள்.

வாயுவைச் சுத்தம் செய்தல்

சமையல் கழிவு வாயுவில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைட் 500 முதல் 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். எஞ்சினுக்குள் அது அமிலமாகி ஆயிலையும் பேரிங்கையும் அரிக்கும். 200 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவர இரும்பு ஆக்சைடு குருணை நிரப்பிய உருளை வேண்டும். 1500 பிபிஎம்மில் 28 கனமீட்டர் வாயு என்றால் நாளுக்கு 60 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைட். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை உறிஞ்சும் குருணை 30 கிலோ வைத்தால் மூன்று மாதம் தாங்கும். பீன்யா லேத் பட்டறைகளின் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க வைத்தும் போடலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். தீர்ந்த குருணையைக் காய்ந்த நிலையில் குப்பையில் கொட்டாதீர்கள். காற்றுப்பட்டால் சூடேறித் தானே தீப்பிடிக்கும். ஈரமாக வெளியே எடுத்து, பரப்பி, இரண்டு நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

வாயுவோடு நீராவியும் வரும். குழாயை 100-க்கு 1 சாய்வில் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியும் பொறி வையுங்கள். காலையில் எஞ்சின் விட்டு விட்டு ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொறியைத்தான்.

எஞ்சினும் வயரிங்கும்

ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கனமீட்டர் வாயு செலவாகும். 5 கேவிஏ செட்டில் 4 கிலோவாட் சுமை கொடுங்கள். பாதிச் சுமையில் ஓட்டினால் வாயு வீணாகும், ஆயில் கெடும். புது எஞ்சினில் முதல் 50 மணி நேரத்திலும், பிறகு 150 முதல் 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுங்கள். கந்தகம் ஆயிலின் காரத்தைத் தின்றுவிடுவதால் டீசல் எஞ்சின் கணக்கு இங்கே செல்லாது.

எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) புளோயரை இதில் இணைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், சிறிய எஞ்சின் படுத்துவிடும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் விஎஃப்டி கருவி இருந்தால் மட்டும் மோட்டார், இல்லாவிட்டால் விளக்கோடு நிறுத்துங்கள். பெஸ்காம் (மின் விநியோக நிறுவன) லைனோடு கலக்கவே கூடாது. நியூட்ரலும் சேர்ந்து மாறும் நான்கு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். பவர் கட்டில் நம் மின்சாரம் பின்னால் ஏறினால், கம்பத்தில் நிற்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

சுற்றுச்சூழல் கணக்கு

பசுமை மின்சாரம் என்ற பெயர் நிலைப்பதும் போவதும் கசிவைப் பொறுத்தது. பத்து கனமீட்டர் வாயுவில் ஒன்று கசிந்துவிட்டது என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் மீத்தேன், ஏறக்குறைய 0.4 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பமூட்டுவது. ஆக 11 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மீதி ஒன்பது கனமீட்டரிலிருந்து கிடைக்கும் 13 யூனிட், மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று 9 கிலோவைத்தான் மிச்சப்படுத்தும். பத்து சதவீதக் கசிவிலேயே மின்சாரத்தின் லாபம் முழுக்கப் போய்விட்டது. எஞ்சின் பழுதான ஒரு வாரம் வாயுவைச் சும்மா திறந்துவிட்டால் பல வார உழைப்பு ஆவியாகும். பர்னரை வெட்டாதீர்கள் என்றது இதனால்தான். குப்பை மேட்டில் அழுகி மீத்தேனாகப் போவதைத் தடுத்த பலன் தனியாக உண்டு. ஆனால் அதைக் காட்டிக் கசிவை மன்னிக்க முடியாது. மாதம் ஒருமுறை சோப்பு நுரைச் சோதனையும், பலூன் தையலில் கசிவுமானிச் சோதனையும் செய்யுங்கள்.

டீசல் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மாற்றாக ஓட்டினால் பலன் பெரிது. 40 யூனிட்டுக்கு 12, 13 லிட்டர் டீசல் மிச்சம், அதுவே 30 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. கோடையில் மின்வெட்டு கூடும்போது பலூனை நிரப்பி வைத்துக் காத்திருப்பது நல்லது. புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. புகைக்குழாயை யார் ஜன்னலுக்கும் நேராக விடாமல் மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோங்கள்.

வெளிவரும் கூழ் நல்ல உரம், தப்பான இடத்தில் விஷம். நாளுக்கு 600 லிட்டரில் பாதியை மறுபடி அரைவைக்குப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் சுழற்றினால் அமோனியாவும் உப்பும் ஏறும். மீதியைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுங்கள், அல்லது வடிகட்டிக் காயவைத்து நர்சரிக்குக் கொடுங்கள். மழைநீர் ஓடும் ராஜகால்வாயில் விடுவது மன்னிக்க முடியாதது. அந்தத் தண்ணீர் ஏரிக்குத்தான் போகிறது. பெள்ளந்தூர் ஏரி நுரைத்துப் பொங்கியதையும் தீப்பிடித்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அந்த ஏரிகளுக்கு இனி ஒரு சொட்டும் வேண்டாம்.

காய்ந்த இலையும் தேங்காய் ஓடும்

இவை இந்தத் தொட்டியில் செரிக்காது. மரத்துண்டு, ஓடு போன்ற உலர் பொருளுக்கு வேறு வழி கேசிஃபையர். குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கி எஞ்சினுக்குக் கொடுப்பது. இந்திய அறிவியல் கழகம் வடிவமைத்த திறந்த வாய் கேசிஃபையர் நன்கு அறியப்பட்டது. தும்கூர் மாவட்டத்தின் கப்பிகெரேயில் 500 கிலோவாட் நிலையம் மின்கட்டமைப்போடு இணைந்து ஓடியது. நன்றாகக் காய்ந்த மரம் 1 கிலோ முதல் 1.2 கிலோ, ஒரு யூனிட். ஆனால் அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, கழுவிய தண்ணீரில் தாரும் ஃபீனாலும் சேரும். பயிற்சி பெற்ற ஆளும் கழிவுநீர் ஏற்பாடும் இல்லாத குடியிருப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இலையை மக்க வையுங்கள், ஓட்டை வாங்குபவருக்குக் கொடுங்கள்.

தொட்டியைத் திறக்கும் நாள்

நான்கைந்து வருடத்தில் அடியில் மணல் சேர்ந்து கொள்ளளவு குறையும். வாயு மெல்ல மெல்லக் குறைந்து, பிஎச்சும் விகிதமும் சரியாகவே இருந்தால் காரணம் அதுதான். அப்போது யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைட் 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் ஆளைக் கொல்லும் நேரம். ஒருவர் விழுந்தால் காப்பாற்றக் குதிப்பவரும் விழுவார். கட்டும்போதே அடிமட்டத்தில் 150 மில்லிமீட்டர் வெளியேற்றக் குழாயும் வால்வும் வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து 200 லிட்டர் கூழோடு மணலை வெளியேற்றினால் பெரும்பாலும் திறக்கும் தேவையே வராது. வந்தாலும் உறிஞ்சு லாரியின் குழாய்தான் உள்ளே போக வேண்டும். மூடிக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.